முழங்காலளவு கடல்

2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. காலை 6.30-க்கு எழுந்தோம். ஏழு மணி வரை உடற்பயிற்சி. மூப்பர் வேமுலா ஐம்பது தண்டால் எடுத்தார். நான் கிணற்றைச் சுற்றிப் பதினெட்டு முறை நடந்தேன். ஏழிலிருந்து எட்டு வரை குளியல், காலை உணவு: இடியாப்பம், தேங்காய்ச் சம்பல், முந்தின நாள் பருப்பு. எட்டிலிருந்து ஒன்பது வரை தனித்தனியே வேத வாசிப்பு. ஒன்பதிலிருந்து பத்து வரை இருவரும் சேர்ந்து படிப்பு. இன்று யார் வீட்டுக்குப் போகிறோம், எந்தப் பாடம், யார் முதலில் பேசுவது என்று திட்டமிடல். பத்து மணிக்குச் சைக்கிளை எடுத்தோம். 10.04-க்கு என் சைக்கிளின் சங்கிலி கழன்றது.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக மோர்மன் சபையில் இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் சபையின் தமிழ்ப் பாடங்களுக்கு மெய்ப்பு பார்க்கிறேன். அந்த வேலையாகத்தான் கொழும்புக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாள், மன்னாரில் வீடு வீடாகப் போய்ச் சபையைப் பற்றிச் சொல்லும் இரண்டு ஊழியர்களில் ஒருவருக்கு டெங்கு என்று கொழும்பு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் இளம் ஊழியர்கள் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இருவர், ஒருவரையொருவர் பார்க்கவும் பேசுவதைக் கேட்கவும் கூடிய தூரத்தில். மாற்று ஆள் வர ஞாயிற்றுக்கிழமை ஆகும். "அதுவரை ஐந்து நாள் நீங்கள் துணையாக இருக்க முடியுமா?" என்று கேட்டார்கள். நான் சபைக்கு வந்தபோது ஊழியத்துக்குப் போகும் வயதைத் தாண்டியிருந்தேன். முடியும் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூப்பர் வேமுலாவுக்கு இருபத்தொரு வயது. ராஜமுந்திரிக்காரர். ஊழியத்தில் இருக்கும் ஆண்களை நாங்கள் மூப்பர் என்றுதான் அழைப்போம், வயதைப் பார்ப்பதில்லை. தமிழை இரண்டு ஆண்டுகளில் புத்தகத்திலிருந்து கற்றவர் என்பதால் மீன் வாங்கும்போதும் பிரசங்கம் செய்வதுபோலத்தான் பேசுவார். கதிரையில் உட்கார்ந்தால் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். பேனாவைத் திறப்பார், மூடுவார். அடுத்த வியாழக்கிழமை அவர் இரண்டு ஆண்டு ஊழியம் முடிந்து விமானம் ஏறுகிறார். இந்த இரண்டு ஆண்டுகளில் அவர் கையால் ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றதில்லை. அதை அவரே முதல் நாள் என்னிடம் சொன்னார், சங்கிலியை மாட்டிக்கொண்டே. கை முழுக்கக் கரி.

"இந்தச் சனிக்கிழமை ஒருவர் பெறுகிறார்" என்றார். "அவருடைய பெயர் செல்லத்துரை. நாம் இப்பொழுது அவரிடம்தான் செல்கிறோம்."

செல்லத்துரை பள்ளிமுனைக்குப் போகும் வழியில், ஒரு காணியின் கடைசி மூலையில் இருக்கிறார். மேசன், எங்கள் ஊரில் கொத்தனார் என்போம். அறுபது வயதுக்கு இரண்டோ மூன்றோ குறைவு. சிறுவயதில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் வடக்கே வந்தவர். அவர் பேச்சில் மலைநாடும் மன்னாரும் மாறி மாறி வரும். என் காதுக்குப் பாதி கோயம்புத்தூர் போலவே இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் அவர் தன் வீட்டின் பின்சுவரைத் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தபோது, தெருவில் போன வேமுலாவும் இப்போது டெங்குவில் படுத்திருக்கும் பிள்ளையும் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கல் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள். அப்படித்தான் பழக்கம்.

அவர் மனைவி சரோஜா எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டார். செல்லத்துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரு யாரு தம்பி, ஒங்க மேலதிகாரியா?"

"இல்லை. இவர் என் துணை" என்றார் வேமுலா.

"துணையா? நல்லாருக்கு. முன்ன ஒங்ககூட வந்த தம்பிக்கு இவரு அப்பா மாதிரி இருக்காரு. சைக்கிள் ஓட்டுவாரா?"

"பாதி தூரம் ஓட்டினார். பாதி தூரம் தள்ளினார்."

சரோஜா சிரித்தார். பிறகு தேநீர் போடட்டுமா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். சபை விதிப்படி நாங்கள் தேநீர் குடிப்பதில்லை. இந்த ஊரில் அதை விளக்குவதற்குள் தொண்டை வறண்டுவிடும். இளநீர் வெட்டட்டுமா என்றார் செல்லத்துரை. "சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம், அண்ணே" என்றார் வேமுலா. சபை விதி எதுவும் இளநீரைத் தடுப்பதில்லை. செல்லத்துரைக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை இருக்கிறது என்பதால் இந்தப் பிள்ளைகள் அவர் வீட்டில் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். முறைதான் என்று எனக்கும் பட்டது.

பாடம் நாற்பது நிமிடம். மனந்திரும்புதல் பற்றி. வேமுலா கேட்டதற்கெல்லாம் செல்லத்துரை "ஆமாங்க" என்றார். நான் என் குறிப்பேட்டில் ஐந்து கேள்விகளை எழுதி, ஐந்துக்கும் நேராக ஒரு குறி போட்டேன். எழுந்து கிளம்பும்போது செல்லத்துரை கேட்டார்: "தம்பி, நீங்க என்னைக்கிப் போறீங்க? சனிக்கிழமைக்கு அப்புறம்தானே?"

அதையும் எழுதினேன்.

21, புதன். காலை நிகழ்ச்சி முன்போலவே. இந்த ஊர்க் கிணற்று நீரில் சோப்பு நுரைப்பதில்லை. எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவனுக்கு முதல் வாய் உப்பாகத்தான் இருக்கும்; மூன்றாம் நாள் பழகிவிடுகிறது. சந்தைக்கு அருகே கழுதைகள் தெருவின் நடுவில் நிற்கின்றன. யாரும் விரட்டுவதில்லை, பேருந்துகூட அவற்றுக்காக வளைந்து போகிறது. எங்கள் ஊரில் மாட்டுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை.

பார்க்கவும் கேட்கவும் கூடிய தூரம் என்பதை நான் எளிதாக நினைத்திருந்தேன். நான் மருந்துக் கடைக்குப் போனால் அவரும் வர வேண்டும். அவர் முடி வெட்டிக்கொண்டால் நான் பக்கத்தில் உட்கார வேண்டும். முடி திருத்துபவர் என்னிடம், "நீங்களும் வெட்டுறதோ, பாத்துக்கொண்டுதான் இருக்கிறதோ?" என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை என்றேன்.

மதியம் நௌபர் நானாவின் சாப்பாட்டுக் கடையில் சோறு. இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்கிறார்கள். சிவப்பரிசி, பாரைமீன் குழம்பு, கத்தரிக்காய், அப்பளம். குழம்பின் காரத்தில் என் கண்ணில் நீர் வந்தது. நௌபர் நானா ஒரு குவளைச் சுடுதண்ணீரில் இஞ்சி தட்டிப் போட்டுச் சீனி கலந்து எங்கள் முன்னால் வைத்தார்.

"மன்னார்ல தேத்தண்ணி குடியாத ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர்தான். ரெண்டும் எண்ட கடையிலதான் வந்து குந்துதுகள்" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார்.

"இவையள் ஆர், அல்லேலூயாவோ?" என்றார் அந்த ஆள்.

"இல்ல, இது வேற. சத்தம் போடாது. கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு, சட்டையும் கசங்காம, இந்த வெயிலுக்க சைக்கிள் மிதிக்கும். நான் அஞ்சு நேரம் தொழுறன். இந்தத் தம்பி அஞ்சு நேரமும் டயரி எழுதுது."

வேமுலா சிரித்தார். நான் என் குறிப்பேட்டை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மாலையில் மீண்டும் செல்லத்துரை வீடு. வழியில் வேமுலா என்னைவிட வேகமாக மிதித்து, திரும்பி வந்து, மீண்டும் முன்னே போனார். பேசாலைப் பக்கம் வேலைக்குப் போகும்போது வேமுலாவையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவதாக ஒருமுறை செல்லத்துரை சொன்னாராம். அது விதிப்படி கூடாது. தன் நண்பரின் படகில் ஒரு சுற்றுக் கூட்டிப் போவதாகச் சொன்னாராம், அதுவும் கூடாது. ஊழியர்கள் கடலில் நீந்துவதும் இல்லை. "மன்னார்த் தீவில் பதினோரு மாதங்கள் வசித்தேன். என் கால் இன்னும் கடலில் படவில்லை" என்றார் வேமுலா.

அன்றைய பாடம் ஞானஸ்நானம். தலை முதல் கால் வரை முழுதும் நீரில் அமிழ வேண்டும். ஒரு விரல் மேலே நின்றாலும் மறுபடி செய்ய வேண்டும். இரண்டு சாட்சிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செல்லத்துரை கவனமாகக் கேட்டார். "கான்கிரீட் போடும்போது கம்பி வெளிய தெரியக் கூடாது. அது மாதிரி" என்றார். வேமுலாவுக்கு அந்த உவமை மிகவும் பிடித்துவிட்டது. அதைத் தன் குறிப்பேட்டில் எழுதினார், நானும் எழுதினேன்.

கிளம்பும்போது, "சனிக்கிழமை மழ வந்துட்டா? தம்பி போறதுக்குள்ள முடிஞ்சிருமா?" என்றார் செல்லத்துரை.

இரண்டாம் முறை.

22, வியாழன். ஞானஸ்நானம் பெறுபவரை வேறொரு ஊழியர் தனியாக நேர்காண வேண்டும். வவுனியாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். நாங்கள் காதில் விழாத தூரத்தில், தெருவோர வேலியை ஒட்டி நின்றோம். வேமுலா வேலியின் ஓலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். பதினாறு நிமிடம். செல்லத்துரை வெளியே வந்து, வியர்த்திருந்த போனை வேட்டியில் துடைத்துக் கொடுத்தார்.

"பாஸா?" என்றார்.

"பாஸ்" என்றது போன்.

வேமுலா பேனாவைத் திறந்து மூடவில்லை; முதன்முறையாகக் கை சும்மா இருந்தது. திரும்பி வரும் வழியில் ராஜமுந்திரியில் இருக்கும் தன் அம்மாவுக்கு என்ன எழுதுவேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அப்பா இல்லை. அம்மா தையல் வேலை செய்து இரண்டு ஆண்டும் இவருக்குத் துணையாக நின்றிருக்கிறார். வாரம் தவறாமல் மகன் அனுப்பும் கடிதத்தில் அந்த ஒரு வரி மட்டும் வந்ததே இல்லை.

இடத்தை நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். பள்ளிமுனைக் கரை சேறு. ஓலைத்தொடுவாயில் நல்ல மணல் என்று ஜெயக்குமார் சொன்னார். ஜெயக்குமார் இங்குள்ள எங்கள் சபையின் மூன்று குடும்பங்களில் ஒன்றின் தலைவர், ஆட்டோ ஓட்டுகிறார். காலை எட்டு மணி: வெயில் ஏறாது, கூட்டம் இருக்காது. ஆட்டோ 7.10-க்கு. மாற்று உடை ஒரு பை, துண்டு மூன்று, சாட்சி நானும் ஜெயக்குமாரும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன்.

23, வெள்ளி. பௌர்ணமி. இலங்கையில் அரசு விடுமுறை. மாலை செல்லத்துரை வீட்டுக்கு வெள்ளைக் காற்சட்டையையும் சட்டையையும் எடுத்துப்போனோம். ஞானஸ்நானம் பெறுபவரும் கொடுப்பவரும் வெள்ளை அணிவது எங்கள் முறை. ஊழியர்கள் அறையில் மூன்று ஜோடி இருந்தது. மூன்றும் உயரமானவர்களுக்குத் தைத்தவை. செல்லத்துரை போட்டுக்கொண்டபோது காற்சட்டை தரையில் புரண்டது. என் பையில் எப்போதும் ஒரு அளவு நாடா உண்டு. நான்கு அங்குலம் மடிக்க வேண்டும் என்று அளந்து சொன்னேன். வேமுலா அம்மாவிடம் கற்ற தையலில் அங்கேயே உட்கார்ந்து மடித்துத் தைக்கத் தொடங்கினார்.

நான் தண்ணீர் குடிக்க அடுப்படி வாசலுக்குப் போனேன். வேமுலா என் பார்வையில்தான் இருந்தார். ஆனால் நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. சரோஜா குவளையைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, நீங்க பெரியவரு. ஒண்ணு கேக்கலாமா? இத முடிச்சா மாரியாத்தாவுக்கு வெளக்கு வைக்கக் கூடாதோ?"

செல்லத்துரை என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"எங்கிட்ட சொல்றாரு, அதெல்லாம் நீ வையி, நானும் கும்பிடுவேன், ஒரு தரம் முங்கி எந்திரிக்கிறதுதானேன்னு. அவருக்கு இதுல ஒண்ணும் பெருசா இல்லீங்க. தம்பி ரெண்டு வருசம் வெயில்ல அலஞ்சிட்டு வெறுங்கையோட போறாரேன்னுதான். அவரு மனசு அப்படி."

வேமுலா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். செல்லத்துரை அந்தத் தையலைத் தடவிப் பார்த்து, "மேசன் வேலைக்கு வாங்க தம்பி, மட்டம் நல்லாப் பாக்குறீங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

மெய்ப்பு பார்ப்பவன் பிழையைக் கண்டால் ஓரத்தில் குறியிட வேண்டும். பிறகு தாளை உரியவரிடம் கொடுக்க வேண்டும். நான் குறியிட்டேன். சரோஜா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அன்றே எழுதினேன். வேமுலாவிடம் கொடுக்கவில்லை. செல்லத்துரை நேர்காணலில் தேறியவர், நான் ஐந்து நாள் துணை மட்டுமே, ஊழியன் அல்ல என்று எனக்கு நானே இரண்டு காரணங்களையும் எழுதினேன். வீடு திரும்பும்போது நிலா பெரிதாக எழுந்திருந்தது. அழகாக இருக்கிறது என்று வேமுலா சொன்னார், ஆம் என்றேன். அந்த நிலாவுக்கும் மறுநாள் காலை எட்டு மணிக்கும் தொடர்பு உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் கோதாவரிக் கரையில் வளர்ந்தவர். நான் குழாய்த் தண்ணீரில். எங்களுக்குத் தெரிந்த நீர் எதுவும் இருந்த இடத்தை விட்டு எழுந்து போனதில்லை.

24, சனி. 7.10-க்கு ஜெயக்குமாரின் ஆட்டோ வந்தது. பின்னிருக்கையில் நாங்கள் மூவர், சரோஜா. ஜெயக்குமாருக்குப் பக்கத்தில் துணிப்பை. பேசாலை வீதியில் ஒரு டயர் காற்று இறங்கியது. மாற்றப் பதினோரு நிமிடம். 7.55-க்கு ஓலைத்தொடுவாய்.

கடலைக் காணவில்லை.

மணல் இருந்தது, அதற்கப்பால் ஈர மணல், பாசி, சிப்பி, சரிந்து நின்ற நான்கு படகுகள், அதற்கப்பால் கண்ணாடி போல ஒரு மெல்லிய தண்ணீர். உண்மையான கடல் எங்கோ வெள்ளைக் கோடாக இருந்தது. ஒரு படகின் நிழலில் மூன்று பெண்கள் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேமுலா ஜெயக்குமாரைப் பார்த்தார். ஜெயக்குமார் என்னைப் பார்த்தார்.

"நான் டவுன் ஆள், மூப்பர். மீன் வாங்கத்தான் இஞ்ச வாறனான்" என்றார் ஜெயக்குமார்.

"எனக்கென்ன தெரியும்? நான் சிமெந்துக்காரன்" என்றார் செல்லத்துரை.

நடந்து போய்ப் பார்ப்போம் என்றேன். நாங்கள் ஆண்கள் நால்வரும் நடந்தோம். வேமுலாவும் செல்லத்துரையும் வெள்ளையில், துணைக்கு இருக்கட்டும் என்று நானும் மூன்றாவது ஜோடியை அணிந்திருந்தேன். படகைத் தாண்டும்போது ஒரு பெண் கேட்டார்:

"ஆரது, வெள்ளை உடுப்போட கடலைத் தேடிப் போகினம்?"

"ஆழம் வேணும், அக்கா" என்றார் ஜெயக்குமார்.

"பறுவம் முடிஞ்ச மற்ற நாள் காலமை கடல் இப்பிடித்தான் வத்திக் கிடக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்கோ, இந்தப் படகு மிதக்கும்." பறுவம் என்றது பௌர்ணமியை.

"இப்ப நடந்தா?"

"நடவுங்கோ. ஆழம் வாறதுக்குள்ள இந்தியாவுக்குப் போயிடுவியள்."

மற்ற இருவரும் நண்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

வேமுலா நிற்கவில்லை. பதினோரு மாதமாகத் தொடாத கடலில் அவர் கால் பட்டது. குனிந்து பார்த்தார், பிறகு வேகமாக நடந்தார். நான் அடிகளை எண்ணினேன். நானூறாவது அடியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல். அறுநூற்று இருபதாவது அடியில் முழங்கால். அதற்கப்பால் மீண்டும் மணல்திட்டு, கணுக்காலுக்கே இறங்கியது. முழங்காலளவு இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தோம்.

"இருத்திவெச்சுப் பின்னால சாய்ச்சா முழுசா மூடும்" என்றார் ஜெயக்குமார். "அப்பிடிச் செய்யலாம்தானே?"

செய்யலாம். விதி முழுதும் அமிழ வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆழம் எவ்வளவு என்று சொல்லவில்லை. நானே அதைச் சொன்னேன்.

செல்லத்துரை உற்சாகமாகிவிட்டார். "கவலப்படாதீங்க தம்பி. படுத்தாவது முங்கிருவேன். ஒங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்."

வேமுலா அவருடைய மணிக்கட்டைப் பிடிக்கப் போனவர், நின்றார்.

"வெறுங்கையோடு என்றால்?"

"அதான் தம்பி. ரெண்டு வருசம். ஒரு ஆளு கூட இல்லேன்னு சொன்னீங்களே. அம்மாவுக்கு எழுத வேணாமா?"

"அண்ணே, நீங்கள் இதை நம்புகிறீர்களா?"

"ஒங்கள நம்புறேன்."

"என்னை அல்ல."

செல்லத்துரை தண்ணீரைப் பார்த்தார். எங்கள் கால்களைச் சுற்றிச் சிறு மீன்கள் வந்து போயின. "நல்ல விசயந்தான் சொல்றீங்க. கெட்டது ஒண்ணுமில்ல" என்றார் மெதுவாக.

வேமுலா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா, சகோதரர்?"

"நேற்று மாலையிலிருந்து" என்றேன்.

அவர் கரைப் பக்கம் திரும்பினார். அறுநூற்று இருபது அடியும் திரும்பி நடந்தோம். நண்டுப் பெண்கள் இம்முறை சிரிக்கவில்லை.

ஜெயக்குமாருக்கு ஒரு சந்தைச் சவாரி இருந்தது. "ரெண்டு மணிக்கு வாறன், அதுக்குள்ள தண்ணியும் வந்திடும், நீங்களும் யோசிச்சு முடிச்சிடுவியள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் நால்வரும் பனைகளின் அடியில் உட்கார்ந்தோம். 9.20. தூரத்தில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. வேமுலா எழுந்தார், உட்கார்ந்தார், கரை வரை போய்த் திரும்பினார். அப்படி நான் பார்த்து ஏழு முறை. விதிப்படி நானும் ஏழு முறை அவர் பின்னால் போனேன்.

செல்லத்துரைதான் முதலில் பேசினார். கோபமாக இருந்தார்.

"அப்போ நான் குடுக்கிறது வேணாம், அப்படித்தானே?"

"அப்படி இல்லை, அண்ணே."

"அப்படித்தான். மூணு நாள் கல்லு தூக்குனீங்க. காசு நீட்டுனேன், வேணாம்னீங்க. தேத்தண்ணி குடிக்க மாட்டீங்க. மோட்டார் சைக்கிள்ல ஏற மாட்டீங்க. படகுல ஏற மாட்டீங்க. எளநி வெட்டுனா சாப்புட்டுத்தான் வந்தோம். சோறு போட்டா சாப்புட்டுத்தான் வந்தோம். எட்டு மாசம். ஒரு மனுசன் வாங்கிக்கிட்டே எப்படி இருக்கிறது? நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, முங்குங்கன்னு. சரி, இத மட்டுந்தான் இவங்க வாங்குவாங்கன்னு முங்க வந்தேன். அதையும் வேணாங்குறீங்க."

சரோஜா அவர் முழங்கையைத் தொட்டார். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்பது அந்தப் பிள்ளைகள் அவருக்குச் செய்ததாக நினைத்த நல்லது. செவ்வாய்க்கிழமையன்று, அது முறைதான் என்று நினைத்தவன் நான். வேமுலாவின் கால் ஆடுவது நின்றிருந்தது.

பதினொன்றுக்கு ஈர மணல் பளபளத்தது. பன்னிரண்டரைக்கு நான்கு படகுகளில் முதலாவது நிமிர்ந்தது. ஒன்றரைக்குத் தண்ணீர் நாங்கள் காலையில் செருப்பைக் கழற்றிய இடத்துக்கு வந்தது. இரண்டு மணிக்கு ஜெயக்குமார் வந்தபோது கடல் நிறைந்து, கரையிலிருந்து இருபது அடியில் இடுப்பளவு இருந்தது. அந்தப் பெண் சொன்னபடி படகுகள் மிதந்தன.

"நல்ல தண்ணி" என்றார் ஜெயக்குமார். "என்ன முடிவு?"

வேமுலா எழுந்து நீரின் விளிம்பில் நின்றார். வெள்ளைச் சட்டை காற்றில் உப்பியது. அவர் அப்படி நின்றது நான்கு நிமிடம். இறங்கிவிடுவார் என்றே நினைத்தேன். இறங்கியிருந்தால் நான் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டிருப்பேன். செல்லத்துரையும் எழுந்து காற்சட்டையை உதறிக்கொண்டார்.

வேமுலா திரும்பி வந்தார்.

"அண்ணே, நீங்கள் நம்பும் நாளில் இதைச் செய்யுங்கள். அன்றைக்கு நான் இங்கே இருக்க மாட்டேன். வேறொருவர் உங்கள் கையைப் பிடிப்பார். நம்பாவிட்டால் செய்ய வேண்டாம்."

செல்லத்துரை குனிந்து காற்சட்டையின் மடிப்பைச் சரிசெய்தார்.

"எனக்கு இப்பொழுது பசிக்கிறது" என்றார் வேமுலா. "நாங்கள் சாப்பிட்டுவிட்டு வரவில்லை. உங்கள் வீட்டில் சோறு கிடைக்குமா?"

சரோஜா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "ஐயோ தம்பி, காலையில வச்ச பருப்புதான் இருக்கு. சொல்லியிருந்தா மீனாவது வாங்கியிருப்பேனே."

"பருப்பு போதும்."

"போதாது" என்றார் செல்லத்துரை. காலையிலிருந்து அவர் வேமுலாவின் முகத்தைப் பார்த்துப் பேசியது அப்போதுதான். படகுப் பக்கம் போய், நண்டுக்காரப் பெண்ணிடம் பேரம் பேசி, கட்டிய நண்டு எட்டு வாங்கி வந்தார். நான் பணப்பையை எடுக்கக் கை நீட்டியதைப் பார்த்தார். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு அவர் வீட்டில் சாப்பிட்டோம். நண்டுக் குழம்பு, பருப்பு, தேங்காய்ச் சம்பல். வேமுலா மூன்று முறை சோறு வாங்கினார். மூன்றாம் முறை அவருக்கு வேண்டியிருக்கவில்லை; செல்லத்துரை அகப்பையோடு நின்றதால் தட்டை நீட்டினார். நண்டின் காலை எப்படி உடைப்பது என்று எனக்கு ஜெயக்குமார் காட்டினார். சாப்பிட்டு முடித்ததும் செல்லத்துரை இளநீர் வெட்டினார். ஒன்றல்ல, ஆளுக்கு இரண்டு. பிறகு பிளாஸ்டிக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு பிளேன்?" என்று கேட்டார்.

நேரத்தை வேமுலா சொன்னார். நான் எழுதவில்லை.

அறைக்கு வந்ததும் வேமுலா மூன்று ஜோடி உடைகளையும் வாளியில் நனைத்தார். சட்டைகளில் ஒரு சொட்டுக் கடலும் படவில்லை. காற்சட்டைகளை மட்டும் இரண்டு முறை அலசிக் கொடியில் போட்டார். நான் அவரிடம், வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். "ஆம், சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அம்மாவுக்கான கடிதத்தை எழுத உட்கார்ந்தார். நீண்ட கடிதம். கான்கிரீட் கம்பி உவமை அதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

25, ஞாயிறு. காலை 6.30-க்கு எழுந்தோம். வேமுலா முதலில் செய்தது கொடியிலிருந்து காற்சட்டைகளை எடுத்ததுதான். மூன்றிலும் முழங்காலில் மெல்லிய சாம்பல் நிறக் கோடு போகாமல் இருந்தது. இரண்டை நீளவாக்கில் மடித்தார். மூன்றாவதன் அடியில் நான்கு அங்குல மடிப்பு. அடுத்து வருபவருக்கு உதவாதே, தையலைப் பிரித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். "அது அவருடைய அளவு."

அதைத் தனியாக மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். பிறகு தண்டால் எடுக்கப் போனார். நான் கிணற்றடிக்குப் போனேன், அவர் என் பார்வையில் இருக்கும்படி.